காவலில் வழிப்போக்கன், களஞ்சியத்தில் எலி

மனிதன் தனித்துப் பிரயாணஞ் செய்வதில்லை. அவன் கட்டிய மூட்டையோடும் ஏற்றிய தானியத்தோடும் அவன் அழைக்காத உயிரினங்கள் சில உடன்செல்கின்றன. அவன் புறப்பட்டபின் பூட்டிக் கிடக்கும் வீட்டிலே வேறு சில குடிபுகுகின்றன. இச்சிறிய உண்மை நோய்களின் வரலாற்றிலே பெரிய விளைவுகளை உண்டாக்கியுள்ளது. பீடையைத் தடுக்க முனைந்தோர் எதனை வாசலில் நிறுத்தினர், எதனை உள்ளே விட்டனர் என்பதைக் கொழும்பின் வட அயலை மையமாக வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களனி கங்கைக்கு வடக்கே, வத்தளையை அடுத்து, கடலோரமாக அமைந்த ஊர் ஹெந்தளை. ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் தொழுநோயாளருக்கான விடுதியொன்றை இங்கு அமைத்தனர். நகரத்தார்க்கும் நோயாளர்க்கும் இடையே ஓர் ஆறு கிடந்தது. தொழுநோய் எளிதில் தொற்றுவதன்று என்பதும், மருந்தினால் முற்றாகத் தீரக்கூடியது என்பதும் இன்று நன்கறியப்பட்டவை. அன்றோ நோயை அகற்றுதல் என்பதும் நோயாளியை அகற்றுதல் என்பதும் ஒன்றாகவே கொள்ளப்பட்டன. இந்த எண்ணமே இரு நூற்றாண்டுகளின் பின் வேறொரு வடிவில் இவ்வயலிலே மீண்டும் தோன்றிற்று.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அடுத்த ஆண்டிலே இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. பூனா நகரில் படையினர் வீடுவீடாகப் புகுந்து சோதனையிட்டனர், மக்களின் உடைமைகள் அகற்றப்பட்டன, எரிக்கப்பட்டன. அச்சம் கடல் கடந்து இலங்கையையும் எட்டியது. தூத்துக்குடி வழியாகக் கொழும்பில் வந்திறங்கிய தோட்டத் தொழிலாளர், ஹெந்தளைக்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள றாகமையில் முகாமொன்றிலே தடுத்துவைக்கப்பட்டனர். தென்னாபிரிக்கப் போரிலே சிறைப்பட்ட போயர்களுட் சிலரும் 1901இல் றாகமை முகாமில் அடைக்கப்பட்டனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பிழைப்புத் தேடி வந்த தொழிலாளிக்கும் போரிலே பிடிபட்ட கைதிக்கும் ஒரே ஊர் காவலிடமாயிற்று.

தொழிலாளி இவ்வாறு காக்க வைக்கப்பட்ட காலத்தில் அரிசி மூட்டை எவ்வாறு பயணஞ் செய்தது? தோட்டங்களுக்கும் நகருக்கும் வேண்டிய அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல்களில் வந்தது. அது துறைமுகத்தை அடுத்த புறக்கோட்டைப் பகுதியின் பண்டசாலைகளில் அடுக்கப்பட்டது. அம்மூட்டைகளுக்குக் காவல் முகாம் இருக்கவில்லை.

1914ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கொழும்பில் பிளேக் நோய் தோன்றியது. மனிதனுக்குக் காவல் வைத்தும் நோய் வந்துவிட்டது. அதன் காரணத்தை அறிய இரு கண்டுபிடிப்புகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1894இல் ஹொங்கொங்கில் யெர்சின் இந்நோய்க் கிருமியை இனங்கண்டார். 1898இல் கராச்சியில் போல் லூயி சிமொண்ட், எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகின்றது என்பதைச் சோதனையால் காட்டினார். நோயுற்ற எலி இறந்ததும் அதன் தெள்ளுகள் வேறு உடலைத் தேடுகின்றன; அருகில் மனிதன் இருப்பின் அவனைக் கடிக்கின்றன.

இவ்வுண்மையைக் கொழும்பிலே மேலும் விளக்கியவர் மாநகர நுண்ணுயிரியலாளராகப் பணியாற்றிய பேபியன் ஹேர்ஸ்ட் ஆவார். நகரத்து எலிகளிலுள்ள தெள்ளுகளை அவர் இனம் பிரித்து ஆராய்ந்தார். கொழும்பில் எங்கும் மிகுதியாகக் காணப்பட்ட செனொப்சில்லா அஸ்ரியா என்னும் இனம் நோயைப் பரப்புவதில் வலிமை குன்றியது. செனொப்சில்லா கியோப்பிஸ் என்னும் இனமோ நோயைப் பரப்புவதில் வல்லது. இரண்டாவது இனம் தானியக் களஞ்சியங்கள் செறிந்த பகுதியிலேயே நிலைகொண்டிருந்தது. நோயும் அப்பகுதியையே பெரிதும் பற்றி நின்றது. எனவே, கப்பலேறி வந்த தானியத்தோடு இத்தெள்ளு வந்தது என்பது பெறப்படும். முகாமிற் காத்திருந்த மனிதனைவிட, காவலின்றிப் பண்டசாலைக்குச் சென்ற மூட்டையே அபாயம் நிறைந்ததாக இருந்தது.

அதே 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பற் சேவையும் தொடங்கின. தொழிலாளரின் பாதை மண்டபம் வழியாயிற்று. அங்கிருந்த முகாமில் அவர்களது உடைகள் கிருமிநீக்கப்பட்டன, அம்மைப்பால் குத்தப்பட்டது, கொழுக்கிப் புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. அம்மை மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. ஆகவே அதனைத் தடுப்பதில் இம்முகாமுக்குப் பயனிருந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் பிளேக்கைப் பொறுத்தவரை, ஏழைத் தொழிலாளியே நோயைச் சுமந்து வருபவன் என்ற கருத்து அறிவியற் சான்றுக்கு முரணானது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் தாயகம் திரும்பியோரும், 1983க்குப் பின் அகதிகளாகச் சென்றோரும் அதே மண்டபம் முகாமிலே தங்க நேர்ந்தது. தொற்று அச்சம் நீங்கிய பின்னும் முகாம் நீங்கவில்லை.

உண்மையான காவல் எங்கே தொடங்கியது? எலி நுழைய இயலாதவாறு களஞ்சியங்களைக் கட்டுவதிலும், கப்பலைக் கரையோடு பிணைக்கும் கயிறுகளில் வட்டத் தகடுகளைப் பொருத்துவதிலும் தொடங்கியது. 1926ஆம் ஆண்டின் சர்வதேசச் சுகாதார உடன்படிக்கை கப்பல்களில் எலியொழிப்பைக் குறித்த கால இடைவெளியில் செய்யுமாறு விதித்தது. நம் முன்னோர் இந்நெறியைத் தம் வீட்டளவில் அறிந்திருந்தனர். குதிரின் வாயை மண்ணால் மெழுகி அடைத்தலும், தானியத்தில் வேப்பிலை, நொச்சியிலை இடுதலும் தமிழர் வழக்கம். நெற்களஞ்சியத்தைக் கற்றூண்களின்மேல் உயர்த்தி அமைத்தல் சிங்களக் கிராமங்களின் வழக்கம். வீட்டார் அயலூர் சென்றாலும் அக்காவல் நின்று காத்தது.

இன்று பிளேக்கின் இடத்தை டெங்கு பிடித்துள்ளது. 2017இல் இலங்கையில் 1,86,000இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பம் கதவைப் பூட்டுகிறது. கூரைப் பீலியில் தேங்கிய நீரையும் பூச்சாடித் தட்டையும் மறந்துவிடுகிறது. நீரை ஊற்றிவிடுதல் மாத்திரம் போதாது. ஈடிஸ் நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிர்தாங்கும். ஆதலால் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தல் வேண்டும். பூட்டு கள்வனுக்கன்றி நுளம்புக்குக் காவலாகாது.

ஹெந்தளையின் விடுதி, றாகமையின் முகாம், புறக்கோட்டையின் களஞ்சியம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று அண்மையிலுள்ளவை. முதலிரண்டிலும் மனிதர் காவலில் வைக்கப்பட்டனர். மூன்றாவது திறந்து கிடந்தது. அந்நியன் வருகிறான் என்ற அச்சம் எழும்போதெல்லாம் நாம் முதலில் ஆராய வேண்டியது நமது களஞ்சியத்தையும் நமது கூரையையுமே என்பது இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.