மார்ஃபின்: முதியோர் இல்லங்களில் கையாளல்

புற்றுநோய் முற்றியவர்களின் கடும் வலியைத் தணிக்கும் அபின்வழி மருந்து. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இதை இறுக்கிப் பிடித்ததால், பல ஆண்டுகள் நோயாளிகள் மருந்தின்றித் துடித்தனர். அது தவிர்த்திருக்கக்கூடிய கொடுமை. 2014 திருத்தம் மார்ஃபின், ஃபென்டனில், கோடீன் உள்ளிட்ட ஆறு மருந்துகளை இன்றியமையாதவை என வகைப்படுத்தியது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இவற்றை இருப்பு வைக்கலாம். வலிநிவாரணப் பயிற்சி பெற்ற மருத்துவர் பொறுப்பேற்க வேண்டும்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தரப்படும். ஆகவே ஒரே முதியவருக்கு நாளொன்றுக்கு ஆறு பதிவுகள் சேரும். பூட்டிய அலமாரி, வேளைதோறும் கையொப்பம், பணிமாறும்போது இருவர் சேர்ந்து எண்ணுதல் ஆகியவை நல்ல இல்லத்தின் அடையாளங்கள்.

நோயாளி இறந்தபின் மிஞ்சும் மாத்திரைகளே பெரும் ஆபத்து. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி போன்ற ஊர்களில் வீட்டிலேயே பராமரிக்கப்படுவோருக்கும் இது பொருந்தும். மிச்சத்தை மருந்து தந்த மையத்திடமே ஒப்படைப்பது நல்லது. குப்பையில் வீசினால் குழந்தை கையில் சிக்கலாம். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மார்ஃபின், ஃபென்டனில் உட்பட 17 மருந்துகளைக் கழிவறையில் ஊற்றி நீரடித்துவிடச் சொல்கிறது. ஃபென்டனில் ஒட்டுப்பட்டையில் பயன்படுத்திய பிறகும் மருந்து மீந்திருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்த பிறகே அகற்ற வேண்டும்.