கண்ணுக்கு ஈரம் தேடிய வரலாறு

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமர்ந்து, சரிவுகளில் விளையும் ஏலத்தைத் தன் சந்தைக்கு வரவழைத்தே செழித்த போடிநாயக்கனூருக்கு மதுரையிலிருந்து 1928-இல் ரயில் வந்தது. மலைச் சரக்கு இறங்கிச் சென்ற வழியே பெரிய வைத்தியத்தை நாடுவோருக்கும் வழியாயிற்று. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களின் புகையிலும், தரம் பிரிக்கும் இடத்துத் தூசியிலும் உழைப்போருக்குக் கண் எரிவது பழகிய துன்பம். அதற்கு ஓய்வும் சொட்டு மருந்துமே பெரும்பாலும் போதும். ஆனால் கண்ணீர்ச் சுரப்பிகளின் வாய்களே அடைபட்டு, இமையின் உட்புறம் தழும்பேறி, கருவிழி தோலைப்போல் வறண்டுபோகும் கொடிய நிலை வேறு. 1922-இல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் விவரித்த வியாதி அதற்கு ஒரு பிரதான காரணம்; வலிப்பு மருந்தோ சல்பா மருந்தோ சிலர் உடம்புக்கு ஒவ்வாமற்போவதால் அது மூளுவதுண்டு.

கண்ணீர் வற்றிய இடத்தில் உமிழ்நீரைப் பாய்ச்சும் துணிகரமான சிகிச்சையை 1951-இல் ஒடெஸா நகரத்து ஃபிலாடோவும் செவால்யேவும் வெளியிட்டனர். காதருகேயுள்ள சுரப்பியின் நாளத்தைக் கண்ணுக்குத் திருப்பிவிட்டதில் கண் நனைந்தது உண்மையே. எனினும் உணவைக் கண்டால் ஊறுவது அச்சுரப்பியின் சுபாவமாதலால், நோயாளி இலைமுன் அமர்ந்ததும் கண்ணீர் தாரையாக வழிந்தது. 1986-இல் ஸ்பெயின் தேசத்து ஹுவான் முரூபே, தாடையின் கீழுள்ள சுரப்பியையே ரத்தக்குழாய்களோடு எடுத்து நெற்றிப்பொட்டில் பதிக்கும் முறையை எழுதினார். நரம்பு அறுபட்ட அச்சுரப்பி சாப்பாட்டு வேளைக்கு அடிமைப்படவில்லை. ஆயினும் நாளடைவில் வெயிலிலும் உடலுழைப்பிலும் மிகையாகச் சுரந்தது. உமிழ்நீரில் கண்ணீரைவிட உப்பு குறைவாதலால், மிகுந்தபோது கருவிழியே வீங்கிற்று. மலையேறிப் பிழைப்பவனுக்கு இத்தகைய கண் எவ்வளவு உதவும்?

அளவு மிகுந்தால் ஈரமும் ஊறு என்பதை இவ்விரு அனுபவங்களும் உணர்த்தின. முரூபேயே 1998-இல், உதட்டின் உட்புறத்துச் சிறு சுரப்பிகளை அவற்றின் மேலுள்ள சவ்வோடு சேர்த்து இமைக்குள் வைக்கும் முறையை விவரித்தார். நரம்பின் கட்டளைக்குக் காத்திராமல், வழுவழுப்பான நீரைச் சிறிது சிறிதாக இடையறாது கசியவிடுவன அவை. நம் நாட்டில் ஐதராபாத்தின் எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தார் இம்முறையைக் கையாண்டு பயன் கண்டிருக்கின்றனர். வேதனை தணிகிறது, கருவிழியின் மேற்பரப்பு தேறுகிறது. இழந்த பார்வை முழுதும் மீளும் என்று எண்ணலாகாது.

முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கத்தியைக் கைவிடாத டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிற்காலத்தில் போடிநாயக்கனூருக்கு அருகேயுள்ள தேனிக்கும் வந்தது. அந்த அண்மை வெறும் சௌகரியமன்று. மருந்து ஒவ்வாமல் வாயும் கண்ணும் புண்ணான முதற் சில தினங்களுக்குள் கண்ணின்மேல் பனிக்குடச் சவ்வைப் போர்த்தினால், பின்னால் நேரும் தழும்பையும் வறட்சியையும் பெரிதும் தவிர்க்கலாம் என்பது பின்னாளில் தெளிந்த சாஸ்திரம். ஆகவே, தோட்டத்து லயத்திலிருந்து ஜீப்பில் இறங்கிவரும் நோயாளி அந்நாட்களுக்குள் வந்து சேர்வானாயின், சுரப்பியை இடம்பெயர்க்கும் அரிய சிகிச்சையே அவனுக்குத் தேவைப்படாமற்போகவும் கூடும்.