ஜிம்மி கேட்ட தொலைக்காட்சிப் பெட்டி

கரிசல் காட்டில் கோரை பிடுங்கியவர்களுக்கு ஒன்று தெரியும். மேலே அரிந்தால் நிலம் சுத்தமாகத்தான் தோன்றும். கிழங்கு உள்ளே கிடக்கும். ஒரு மழை போதும். இரத்தப் புற்றுநோயும் அப்படிப்பட்டதே. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. நோய் தெரியவரும்போது உடலில் சுமார் ஒரு லட்சம் கோடி நோயணுக்கள் இருக்கும். ஆயிரத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மருந்து அழித்தாலும் நூறு கோடி மிஞ்சுமே! ஆனால் குழந்தை எழுந்து ஓடி விளையாடும். பெற்றோர் ஏமாறுவது இங்கேதான்.

இந்நோய்க்கு முதல் மருந்து பிறந்த கதையில் நம் சென்னைக்கும் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார். பட்டம் சிறியதானால் என்ன? அமெரிக்கா சென்றார். பின்னர் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் அமினாப்டெரின் உருவாயிற்று. உயிரணு பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அமினாப்டெரின் அதைப் போலவே தோற்றமளிக்கும் போலிச் சாவி. பூட்டில் நுழையும், திறக்காது, வெளியேயும் வராது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது; சில மாதங்களில் திரும்பியது. கோரைக் கிழங்குதான்!

ஆய்வு தொடரப் பணம் வேண்டுமல்லவா? 1948 மே மாதம் ஃபார்பரின் நோயாளியான ஒரு சிறுவன், 'ஜிம்மி' என்ற புனைபெயரில் வானொலியில் பேசினான். பேஸ்பால் ஆட்டம் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கிடைக்கும் என்றார்கள். கேட்டது 20,000 டாலர். குவிந்ததோ 2 லட்சத்துக்கும் மேல். நிணநீர்ப் புற்றுநோய் கண்டிருந்த அச்சிறுவன் பிழைத்து, லாரி ஓட்டுநராகி, 2001 வரை வாழ்ந்தார்.

இங்கே, புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதி திரட்டினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. 1984இல் சென்னை, பம்பாய், டெல்லி மருத்துவமனைகள், அமெரிக்க வல்லுநர்களுடன் சேர்ந்து, பல மருந்துகளை முறைவைத்துக் கொடுக்கும் ஒரு சிகிச்சைத் திட்டம் வகுத்தன. அதற்கு முன் குழந்தைகளில் ஐந்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. அதன்பின் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைத்தனர்.

சிகிச்சை நீள்வதோ இரண்டாண்டுக்கும் மேல். கோவில்பட்டியிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கும் அப்பால். தீப்பெட்டி ஆலையில் கூலி வாங்கும் தாய்க்கு, மருந்து இலவசமானாலும், ஒவ்வொரு பயணமும் பல நாள் கூலியாகும். நிதி திரட்டுவோர் மருந்துக் கணக்கோடு அந்தப் பஸ் கட்டணத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். குழந்தை ஓடியாடும் மாதங்களில்தான் அது அதிகம் தேவைப்படும்.