திராட்சையில் பூச்சிமருந்து: விதியை எம்.பி.க்கள் ரத்து செய்ய முடியுமா?

அனுமந்தன்பட்டி திராட்சையில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம்? இதை முடிவு செய்வது எம்.பி.க்கள் இல்லை. மத்திய அரசின் ஒப்புதலோடு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.தான் விதி போடுகிறது.

ஆனா எம்.பி.க்கள் கையிலும் ஒரு கடிவாளம் இருக்கு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 93ஆவது பிரிவுப்படி, இந்த விதிகளை கூட்டத்தொடரின்போது நாடாளுமன்றத்தில் மொத்தம் 30 நாள் வைக்கணும். அதற்கு அடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் விதியைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம்.

சிக்கல் என்னன்னா, மக்களவை, மாநிலங்களவை ரெண்டும் ஒத்துக்கணும். ஐரோப்பிய ஒன்றியத்தில் எச்ச வரம்பு விதியை நாடாளுமன்றம் தனியாகவே தடுக்கலாம். இங்கே ரெண்டு அவையும் முடிவெடுக்கும்வரை விதி அமலில்தான் இருக்கும். பிறகு ரத்தானாலும், அதன்படி வியாபாரிக்கு ஏற்கெனவே போட்ட அபராதம் அதனாலேயே செல்லாததாகிவிடாது.