நிலக்கரிச் சுரங்கமும் தொழிற்குழுத் தலைமையும்

யந்திரம் புகுந்த இடமெல்லாம் உற்பத்தி பெருகும் என்பது கைத்தொழில் யுகத்தின் நம்பிக்கைகளுள் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கங்கள் இந்நம்பிக்கையைச் சோதனைக்குள்ளாக்கின. 1947 சனவரி 1ஆந் திகதி அவை அரசுடைமையாயின. யந்திரங்கள் பெருகின, ஆயினும் அதற்கேற்ப உற்பத்தி உயரவில்லை. தொழிலாளர் சுரங்கத்தைக் கைவிட்டு வேறு தொழில்களை நாடினர். எஞ்சியோருள்ளும் வேலைக்கு வராதோர் தொகை மிகுந்தது.

இதன் காரணத்தை ஆராய்ந்தோர் இலண்டன் ரவிஸ்ரொக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ரிஸ்ற், கென் பாம்போர்த் ஆகிய இருவர். பாம்போர்த் பதினெட்டு ஆண்டுகள் நிலக்கரி வெட்டியவர். நூலறிவு மட்டுமுடைய ஆய்வாளரிடம் சுரங்கத் தொழிலாளி வாய்திறப்பது அரிது. இவ்வாய்வின் வலிமை பெரும்பாலும் பாம்போர்த்தின் பழைய தொழிலிலேயே தங்கியிருந்தது எனலாம். இவர்களது கட்டுரை 1951இல் வெளியாயிற்று.

யந்திரத்துக்கு முந்திய முறையில், இருவர் அல்லது மூவர் கொண்ட சிறு குழு தன் இடத்தில் வெட்டுதல், அள்ளுதல், கூரையைத் தாங்க முட்டுக் கொடுத்தல் ஆகிய அனைத்தையும் தானே செய்தது. கூட்டாளியைத் தொழிலாளியே தெரிந்தெடுத்தான். வேலையின் வேகத்தையும் ஒழுங்கையும் குழுவே தீர்மானித்தது. அம்முறையிற் சுரண்டலும் கடுமையும் இல்லாமலில்லை. எனினும் இருளும் ஆபத்தும் சூழ்ந்த தொழிலில், அருகிலிருப்பவன் எத்தகையவன் என்பதை ஒவ்வொருவனும் அறிந்திருந்தான்.

நீள்முகமுறை இதனை அடியோடு மாற்றியது. இருநூறு யார் அளவு நீண்ட நிலக்கரி முகத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மூன்று முறைமாற்றங்களாகப் பகுக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் வெட்டினர். அடுத்தவர் பாதையையும் காவுபட்டியையும் முன்னகர்த்தினர். மூன்றாமவர் நிலக்கரியை அள்ளி ஏற்றினர். ஒவ்வொரு வகையினருக்கும் வெவ்வேறு கூலி, வெவ்வேறு கணக்கு. முதல் இரு பகுதியினர் விட்ட குறைகள் யாவும் அள்ளுவோர் தலையில் விழுந்தன. வெட்டியவனோ அந்நேரம் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பான். அவனைக் கேட்பது எவ்வாறு? குறையை மற்றைய முறைமாற்றத்தின் மீது சுமத்துதல் வழக்கமாயிற்று. சுரங்கத் தொழிலாளரிடையே காணப்பட்ட, உளத்தாக்கத்தால் விளையும் நோய்களையும் இக்கட்டுரை இத்தொழிலொழுங்கோடு தொடர்புபடுத்தியது.

மேற்பார்வையாளரின் நிலை இரங்கத்தக்கது. சிதறிய வேலைகளை ஒன்றிணைக்கும் பொறுப்பு முழுவதும் அவர் மீது சுமத்தப்பட்டது. இருளில் நெடுந்தூரம் பரந்து நிற்போரை அவராற் கண்காணிக்க இயலவில்லை. அதட்டலும் பேரமுமே அவர் கைக்கருவிகளாயின. இங்கு குறை தனிமனிதருடைய தலைமைப் பண்பில் இருந்ததன்று. எவராலும் நிறைவேற்றவியலாத ஒரு தலைமையை அத்தொழிலொழுங்கு வேண்டி நின்றது.

தென் யோக்சயரின் ஒரு சுரங்கத்தில் வேறொரு காட்சி தென்பட்டது. அங்கு தொழிலாளரும் முகாமையாளரும் கலந்து, யந்திரத்தைக் கைவிடாமலே பழைய குழுமுறையை மீட்டிருந்தனர். பின்னர் டர்ஹாம் சுரங்கங்களில் நடந்த விரிவான ஆய்வு 1963இல் நூலாக வெளிவந்தது. ஒரே வகை யந்திரங்களைக் கொண்ட இரு நீள்முகங்கள் அதில் ஒப்பிடப்பட்டன. ஒன்றில் வழமையான பகுப்புமுறை நிலவியது. மற்றையதில் 41 பேர் கொண்ட குழு, தன் உறுப்பினரைத் தானே தெரிந்து, வேலைகளை மாறிமாறிச் செய்து, பொதுக்கூலியைச் சமமாகப் பகிர்ந்தது. முன்னது இயலுமான உற்பத்தியில் 78 சதவீதத்தை எட்ட, பின்னது 95 சதவீதத்தை எட்டியது. வேலைக்கு வராமை முறையே 20 சதவீதமும் 8.2 சதவீதமும் ஆகும். விபத்தினால் வராதோர் வீதம் 6.8இலிருந்து 3.2 ஆகக் குறைந்திருந்தமை சிறப்பாக நோக்கற்பாலது. பின்னைய முகத்தின் மேற்பார்வையாளர் ஆட்களை ஏவும் வேலையிலிருந்து விடுபட்டார். பாதுகாப்பையும் பொருள் வழங்கலையும் கவனிக்க அவருக்கு நேரம் கிடைத்தது.

இத்துணைத் தெளிவான பெறுபேறு இருந்தும் நிலக்கரிச் சபை இம்முறையைப் பரப்புவதில் ஆர்வங் காட்டவில்லை. தன் அதிகாரம் குறையும் என்று அஞ்சும் முகாமைத்துவத்துக்குப் புள்ளிவிபரம் போதுமான மருந்தன்று போலும்.

இச்சிந்தனை தென்னாசியாவையும் எட்டியது. 1953இல் அகமதாபாத்தின் கலிக்கோ ஆலையில், ரவிஸ்ரொக்கைச் சேர்ந்த ஏ. கே. றைஸ் ஒரு தானியங்கி நெசவுச்சாலையை ஆராய்ந்தார். 224 தறிகளில் பன்னிரு வகைத் தொழில் செய்தோர் ஒருவரோடொருவர் பொருந்தாது இயங்கினர். சிறு குழுக்களாகப் பிரியலாம் என்ற யோசனையைத் தொழிலாளரே விரைந்து பற்றிக்கொண்டனர். தொடக்கத் தடுமாற்றத்தின் பின் உற்பத்தித்திறன் உயர்ந்தது, பழுதான துணி குறைந்தது. 1970இல் எரிக் மில்லர் அங்கு மீளச் சென்றபோது, தானியங்கித் தறிச்சாலைகளில் குழுமுறை மறைந்துவிட்டிருந்தது. தானியங்கியல்லாத தறிகளைக் கொண்ட சாலையொன்றில் மட்டும் அது உயிரோடிருந்தது.