மண்வெட்டி ஏந்திய பட்டாளம்

முதலாவது உலக யுத்தத்தைப் பற்றிப் படிக்கும் நம் மாணவர் தளபதிகளின் பெயர்களையும் சமர்க்களங்களின் பெயர்களையும் மனனஞ் செய்கின்றனர். அச்சமர்க்களங்களின் பதுங்குகுழிகளுக்குப் பலகை அறுத்தவர் யார், படைகளை ஏற்றிச் சென்ற புகையிரதப் பாதைகளுக்குக் கட்டை வெட்டியவர் யார் என்னும் வினாக்கள் பரீட்சைத் தாளில் இடம்பெறுவதில்லை. சரித்திர ஆசிரியர் விடுமுறையிலிருந்த ஒரு நாள், அவருடைய வகுப்பை ஏற்றுக்கொண்ட நான் கனடாவின் இரண்டாம் இலக்க நிர்மாணப் பட்டாளத்தின் கதையைக் கூறினேன். கேட்டிருந்த மாணவனொருவன் எழுந்து, "சேர், அவர்கள் சண்டை பிடிக்கவில்லையே. பிறகேன் அவர்களைப் போர்வீரர் என்கிறீர்கள்?" என்றான். அவனுடைய கேள்வியில் குறும்பு எதுவும் இருக்கவில்லை. அரசுகளும் படைத்துறைகளும் நெடுங்காலம் கேட்டுவந்த கேள்வியையே அவனும் கேட்டான்.

கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நொவா ஸ்கோஷியா மாகாணத்திற் கறுப்பின மக்கள் 18ஆம் நூற்றாண்டு முதல் வாழ்ந்து வருகின்றனர். அமெரிக்க சுதந்திரப் போரின்போது பிரித்தானியர் பக்கம் நின்று விடுதலை பெற்றவர்களும், 1812ஆம் ஆண்டு யுத்தத்தின்போது அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களின் முன்னோராவர். 1914இல் யுத்தம் மூண்டதும் அம்மக்களின் இளைஞர் ஏனையோரைப் போலவே படையிற் சேர முன்வந்தனர். பெருந்தொகையானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். கறுப்பரைச் சேர்க்கலாகாதென்று சட்டம் எதுவும் இருக்கவில்லை. சேர்ப்பதும் விடுப்பதும் ஒவ்வொரு பட்டாளத் தளபதியினதும் விருப்பம் என்று விடப்பட்டிருந்தது. சட்டப் புத்தகத்தில் ஓரெழுத்தும் எழுதாமலே ஒரு மக்கட் கூட்டத்தை வெளியே நிறுத்தும் இவ்வித்தை நமக்கும் புதியதன்று.

பின்னர் வந்த மாற்றம் மனமாற்றமன்று. 1916 ஜனவரியிற் பிரதமர் போர்டன் 5 இலட்சம் படையினரைத் தருவதாக வாக்களித்திருந்தார். ஐரோப்பியக் களங்களிலோ ஆட்கள் மடிந்துகொண்டிருந்தனர். கறுப்பின மக்களும் அவர்களுக்காகப் பரிந்து பேசியோரும் விடாது கிளர்ச்சி செய்தனர். ஈற்றில் 1916 ஜூலை 5ஆந் திகதி பிக்டோ நகரில் இப்பட்டாளம் அமைக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் கையிற் கொடுக்கப்பட்டவை மண்வெட்டியும் கோடரியும் வாளரமுமே.

தளபதி வெள்ளையர். அதிகாரிகளுள் ஒருவர் மட்டுமே கறுப்பர். அவர் பட்டாளத்தின் மதகுருவான வில்லியம் வைற். 'வெள்ளை' எனப் பொருள்படும் பெயரைத் தாங்கிய அவர், அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் முன்னாள் அடிமைகளின் மகனாகப் பிறந்தவர். 1917 மார்ச் மாத இறுதியில் ஏறத்தாழ 600 பேர் ஹலிபாக்ஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறினர். முழுப் பட்டாளத்துக்கு வேண்டிய தொகை சேரவில்லை. ஈராண்டுகளாக வாயிலில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அழைத்தவுடன் ஓடிவந்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமா? இக்குறைவு காரணமாக இங்கிலாந்தில் இப்பிரிவு பட்டாளம் என்ற தகுதியை இழந்து ஒரு கொம்பனியாகச் சுருக்கப்பட்டது.

பிரான்சின் யூரா மலைக் காடுகளிற் கனேடிய வனப் படையுடன் இணைக்கப்பட்டு அவர்கள் மரந் தறித்தனர், ஆலைகளில் அறுத்தனர், வீதி திருத்தினர். அங்கு அறுக்கப்பட்ட மரங்களே பதுங்குகுழிகளுக்கும் புகையிரதப் பாதைகளுக்கும் சென்றன. அம்மரமின்றி ஒரு பீரங்கிக் குண்டும் களத்தை அடைந்திராது. இருந்தும் அவர்களுக்கு முகாம் வேறு. யுத்தம் முடிந்து வேல்சிலுள்ள கின்மெல் பார்க் முகாமிற் கப்பலுக்குக் காத்திருந்தபோது, 1919 ஜனவரியில், கறுப்பினச் சார்ஜன் ஒருவர் வெள்ளைச் சிப்பாய் ஒருவனைக் கைதுசெய்தமை பெருங் கைகலப்பாக முடிந்தது. கட்டளையிடும் பதவியைக் கறுப்பர் ஒருவருக்குக் கொடுக்கலாம், ஆனால் அவர் கட்டளையிடலாகாது என்பதே அன்றைய நியதி. 1920 செப்டெம்பரில் அப்பிரிவு கலைக்கப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் மௌனம்.

அம்மௌனத்தைக் கலைத்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். கல்வின் ரக் 1925இற் சிட்னி நகரிற் பிறந்தவர் (அவுஸ்திரேலியச் சிட்னியன்று, நொவா ஸ்கோஷியாவில் அதே பெயருள்ள உருக்காலை நகரம்). பார்படோசிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். உருக்காலையிற் கூலியாளாகவும் பின்னர் புகையிரதத்திற் பயணிகளின் பொதி சுமப்பவராகவும் உழைத்துச் சமூக சேவையாளராக உயர்ந்தவர். டாட்மத் நகரிற் கறுப்பருக்கு முடிவெட்ட மறுத்த கடைகளுக்கெதிராகப் போராடியவர். தேநீர்க் கடையிலும் சலூனிலும் யாருக்கு இடமில்லை என்று யாழ்ப்பாணத்திற் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1982 நவம்பரில், முதுமையில் எஞ்சியிருந்த பழைய படையினர் ஹலிபாக்சில் ஒன்றுகூட்டிக் கௌரவிக்கப்பட்டனர். அதனை ஒழுங்குசெய்தவர்களுள் ரக் முக்கியமானவர். விருந்தளித்து அனுப்பிவிடுவதோடு அவர் நிற்கவில்லை. உயிரோடிருந்தவர்களின் வாய்மொழியைக் கேட்டுப் பதிந்தார், ஆவணங்களைத் தேடினார், கப்பலேறியவர்களின் பெயர்ப்பட்டியலைச் சேர்த்தார். 1986இல் அவருடைய நூல் வெளிவந்தது. அதனை வெளியிட்டதும் நொவா ஸ்கோஷியாக் கறுப்பின மக்களின் பண்பாட்டுச் சங்கமே. அந்நூலின் ஆய்வு முறையிற் பண்டிதர் குறை காணக்கூடும். என்னைப் பொறுத்தவரை அதன் பெயர்ப்பட்டியல் ஒன்றே போதும். தன் பாட்டனின் பெயர் அச்சில் இருப்பதை ஒருவன் முதன்முறையாகக் காண்பது சிறிய காரியமன்று.

வேறு பட்டாளங்களில் எப்படியோ இடம்பிடித்துப் போர்முனைக்கே சென்ற கறுப்பினத்தவரும் சிலர் இருந்தனர். ஜெரமையா ஜோன்ஸ் அவர்களுள் ஒருவர். வயதை மறைத்துச் சேர்ந்தவர். உண்மையில் ஐம்பதைத் தாண்டியிருந்தார். 1917 ஏப்ரலில் விமி மேட்டில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலையொன்றைக் கைப்பற்றினார். பதக்கத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டார் என்பர், பதக்கம் வரவில்லை. 1950இற் காலமானார். அவருக்காகவும் ரக் ஆண்டுக்கணக்காக வாதாடினார். 2010இல் இராணுவம் அவருக்கு விருதளித்தபோது ரக்கும் உயிருடன் இல்லை, 2004இல் மறைந்துவிட்டார்.

என் மாணவனின் வினாவுக்கு இங்கேயே விடையுண்டு. துப்பாக்கி ஏந்திய ஜோன்சும் மறக்கப்பட்டார்; கோடரி ஏந்திய அறுநூறு பேரும் மறக்கப்பட்டனர். ஆதலின் சண்டை பிடித்தார்களா இல்லையா என்பது மறதிக்குக் காரணமன்று. உழைப்பைக் கீழானதாக வைத்து, அவ்வுழைப்புக்கென்று ஒரு நிறத்தாரை ஒதுக்கிய சமுதாயம், தன் யுத்தக் கதையையும் அதே ஒழுங்கிலேயே எழுதியது.

1993இற் பிக்டோவில் நினைவுக்கல் நாட்டப்பட்டது. 2022 ஜூலை 9ஆந் திகதி, பட்டாளம் பயிற்சி பெற்ற துரோரோ நகரிற் பிரதமர் ஜஸ்டின் துரூடோ அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். பட்டாளம் அமைந்து அப்போது 106 ஆண்டுகள் கடந்திருந்தன. மன்னிப்பைக் கேட்க அப்படையினருள் ஒருவரும் எஞ்சியிருக்கவில்லை. பேரரும் பூட்டரும் வந்திருந்தனர்.