பத்து மாத அட்வான்ஸ்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இரண்டு எண்கள் மனப்பாடம். ஒப்பந்தம் 11 மாதம், அட்வான்ஸ் 10 மாதம். ஏன் என்று புரோக்கரைக் கேட்டால் "இங்க அப்படித்தான் சார்" என்பார். 11க்குக் காரணம் எளிது. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி ஓராண்டைத் தாண்டும் குத்தகையைக் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். 10இன் கதை நீளமானது. அதில் ஒரு உலகப்போர் வருகிறது, என் பெரியப்பாவும் வருகிறார்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1941ல், மதராஸ் அரசு இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்றைக் கொண்டுவந்தது. நெருக்கடியைப் பயன்படுத்தி வாடகையை ஏற்றக்கூடாது, இருப்பவரை நினைத்தபடி வெளியேற்றக்கூடாது என்பதே நோக்கம். நியாயமான நோக்கம்தான். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனும் இதைத்தான் செய்தது. போர் முடிந்தது, வீட்டுப் பஞ்சம் முடியவில்லை. ஆணை 1946ல் சட்டமானது, 1949ல் இன்னொரு சட்டமானது, 1960ல் கட்டட (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைபெற்றது. மென்பொருள் வேலையில் இது எங்களுக்குப் பழகிய கதை. ராத்திரியில் அவசரத்துக்கு ஒரு ஒட்டு போடுவோம், 'அடுத்த வாரம் எடுத்துடலாம்' என்போம். பத்து வருடம் கழித்து மொத்த அமைப்பும் அதன் மேல்தான் நிற்கும்.

1960 சட்டம் வாடகைதாரர் பக்கம் நின்றது. நியாய வாடகைக்கு ஒரு சூத்திரம் இருந்தது. 1973 திருத்தத்துக்குப் பின் குடியிருப்புக்குக் கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம், மற்றவற்றுக்கு 12. காலி செய்யச் சொல்ல வேண்டுமென்றால் சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, உள்வாடகைக்கு விட்டது, சொந்தக் குடியிருப்புக்குத் தேவைப்படுவது, இடித்துக் கட்டுவது, இப்படி. தான் குடியிருக்கும் வீட்டின் இன்னொரு பகுதியை உரிமையாளர் கேட்டால், அவருக்குக் கிடைக்கும் வசதி பெரிதா, வாடகைதாரருக்கு வரும் கஷ்டம் பெரிதா என்று எடைபோடச் சொன்னது. வாடகையை வாங்க மறுத்தால் வாடகைதாரர் மணியார்டரில் அனுப்பலாம், அதையும் திருப்பினால் நீதிமன்றத்தில் கட்டலாம்.

வீடு வீடாக வாங்கிப்போட்ட பணக்காரரை மனதில் வைத்துப் பார்த்தால் எல்லாமே சரி. ஆனால் சென்னையில் வாடகைக்கு விட்டவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள் இல்லை. என் பெரியப்பா அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பி.எஃப். பணத்தையும் கடனையும் போட்டு மேற்கு மாம்பலத்தில் வீடு கட்டினார். மாடி போர்ஷன் வாடகைதான் கடன் தவணை. மேலே குடியிருந்தவரும் இன்னொரு அலுவலகத்தில் குமாஸ்தா. இருவரும் ஒரே பஸ்ஸில் ஆபீஸ் போனார்கள். சட்டத்தின் கண்ணில் மட்டும் ஒருவர் பலசாலி, மற்றவர் நலிந்தவர்.

1988ல் வாடகை 800 ரூபாய், அட்வான்ஸ் 8,000. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை வரும் குடியிருப்புகளுக்குச் சட்டத்திலிருந்து முன்பு விலக்கு இருந்தது. 1986ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் சமத்துவத்துக்கு முரணானது என்று ரத்துசெய்தது. ஆக, பெரியப்பாவின் மாடியும் வளையத்துக்குள் வந்துவிட்டது. அவருக்கு அது தெரியாது. வீதியில் யாருக்குமே தெரியாது.

சில ஆண்டுகளில் வாடகை தாமதமானது, பிறகு நின்றது. எட்டு மாத பாக்கி, 6,400 ரூபாய். பெரியப்பா சிறுவழக்கு நீதிமன்றத்துக்குப் போனார். அங்கேதான் 10 மாத அட்வான்ஸ் அவர் மேலேயே விழுந்தது. 1960 சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது. அப்படி என்றால் அவர் கையில் கூடுதலாக இருப்பது 7,200 ரூபாய். பாக்கியைவிட அதிகம். பிறகெங்கே 'வேண்டுமென்றே பாக்கி'? 1996ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதே தர்க்கத்தைத்தான் ஏற்றது. கூடுதல் அட்வான்ஸ் வாடகைதாரரின் பணம், பாக்கிக்கு ஈடு. பாதுகாப்புக்கென்று வாங்கிய பணமே எதிராளிக்குக் கேடயமானது.

அதன்பின் பெரியப்பா செய்ததை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. "மோட்டாரை நிறுத்துங்க, தானா காலி பண்ணிடுவான்" என்று யாரோ சொன்னார்கள். நிறுத்தினார். தகுந்த காரணமின்றி வசதிகளைத் துண்டிப்பதையும் சட்டம் தடுத்திருந்தது. இப்போது வழக்கு அவர் மேல். வாய்தா, மேல்முறையீடு, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு என்று ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் அவரே ஒரு தொகையைக் கொடுத்துக் காலி செய்யவைத்தார். மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் இரண்டு வீட்டுப் பெண்களும் தலையைத் திருப்பிக்கொண்ட அந்த ஆண்டுகள் எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

இதிலிருந்து பெரியப்பா கற்ற பாடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சட்டத்தால் ஆளை வெளியே அனுப்ப முடியாது என்றால் உள்ளே விடும்போதே வடிகட்ட வேண்டும். வக்கீலுக்கு வீடில்லை, போலீஸுக்கு இல்லை, பத்திரிகைக்காரருக்கு இல்லை, பேச்சிலருக்கு இல்லை. "நம்மாளுங்கன்னா நாளைக்கு ஒண்ணுன்னா பெரியவங்கள வெச்சுப் பேசிக்கலாம்டா" என்பார். நீதிமன்றம் செய்ய வேண்டிய வேலையைச் சாதியிடம் கொடுத்துவிட்டார். வெறுப்பு ஏற்கெனவே இருந்த ஊர்தான் இது. தாமதித்த நீதி அதற்கு ஒரு கௌரவமான காரணத்தைக் கொடுத்தது. 'சைவம் மட்டும்' என்ற போர்டுக்குப் பின்னால் எத்தனையோ விஷயங்கள் ஒளிந்துகொண்டன. என்னோடு வேலை பார்த்த நண்பன் ஒருவன் போனில் தன் பெயரைச் சொன்னதும், காலையில் காலியாக இருந்த வீடுகள் மதியம் "போயிடுச்சே தம்பி" ஆகிவிடும். அவன் பெயர் முஸ்லிம் பெயர். சட்டம் குடியிருப்பவரைப் பாதுகாத்தது. வாசலில் வந்து நிற்பவரை அது கணக்கில் எடுக்கவே இல்லை.

2017ல் தமிழக அரசு புதிய சட்டம் இயற்றியது. 2019 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது. 1941ல் போட்ட ஒட்டை எடுக்க 78 ஆண்டுகள். வாய்மொழி ஒப்பந்தம் கூடாது, எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். 11 மாதம் என்று போட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. வாடகை இருவரும் ஒப்புக்கொண்டது. அட்வான்ஸுக்குப் பொதுவிதி மூன்று மாத வாடகை. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பது இப்போதும் குற்றம்தான். எந்தப் பழுது யார் பொறுப்பு என்றுகூட ஒரு அட்டவணை இருக்கிறது. வெள்ளையடிப்பதும் வயரிங்கும் உரிமையாளருடையது, குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவருடையது. அந்த வாஷருக்காக எத்தனை வீடுகளில் பேச்சுவார்த்தை அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடி போர்ஷன் இப்போது பெரியப்பா மகன் பொறுப்பில். ஒப்பந்தத்தைப் பதிகிறான், மூன்று மாதம்தான் வாங்குகிறான், ரசீது தருகிறான். ஆனாலும் வீடு பார்க்க வருபவரிடம் "சொந்த ஊர் எது, நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.

"சட்டம்தான் மாறிடுச்சேண்ணா, இன்னும் எதுக்கு?"

"சட்டம் மாறிடுச்சுடா. கோர்ட்டு மாறிடுச்சான்னு எவன் போய்ப் பாக்குறது?"

அவன் பயம் பொய்யில்லை. அவன் அப்பா படியேறியதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் அந்த எட்டு மாத பாக்கியை வைத்தவர் பெரியப்பா தேடிப்பிடித்த 'நம்மாள்'தான். இதை நான் சொன்னபோது அண்ணன் பதில் சொல்லவில்லை. சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டு வாடகை ரசீதுகள், பதிந்த ஒப்பந்தம் என்று கேட்பதற்கு எத்தனையோ இருக்கின்றன. அந்தக் கேள்விக்கு வரும் பதில் மட்டும் ஒரு மனிதர் மாதம் ஐந்தாம் தேதி வாடகை தருவாரா என்பதை ஒருநாளும் சொன்னதில்லை.